மின்னூலும் அதன் திறவுகோலும்

விலை கொடுத்து வாங்கிய நூலொன்று வேண்டிய பொழுதில் திறவாதிருத்தல் என்னை? மின்னூல் பயில்வோர் பலர்க்கும் இம்மனக்குறை உண்டு. பணம் நொடியிற் சென்றுவிடுகின்றது, நூல் வருவதில்லை. தேர்வுக்கு முந்திய இரவில் இது நேருமாயின் மாணவர் படும் பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை.

இதற்கு இணையத்தின் மந்தம் மட்டுமே காரணமன்று. கடைக்காரர் விற்பது பெரும்பாலும் நூலன்று, படிக்கும் உரிமையே. மறையெழுத்தாக்கிப் பூட்டிய நூலுக்குரிய சாவி, நம் கருவியின் பதிவைச் சரிபார்த்த பின்னரே விற்பனையாளரின் வழங்கிக்கணினியிலிருந்து வரும். அக்கணினி தாமதித்தால் கையிலுள்ள நூலும் இல்லாததே. 2009 ஜூலையில் அமேசான், ஆர்வெல்லின் '1984' நாவலை, உரிமையில்லாதார் வெளியிட்ட பதிப்பென்று கூறி, வாங்கியோர் கிண்டில் கருவிகளினின்றும் அழித்தது. பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூற்கடையை மூடியபோது, விற்ற நூல்களும் மூடிக்கொண்டன. விலை திரும்பிற்று; ஓரக்குறிப்பு எழுதியிருந்தோர்க்கு 25 டாலர் மிகையாகவும் கிடைத்தது. குறிப்புகளின் மதிப்பு அவ்வளவே போலும்! நம் பக்கத்தில் முன்னாளில் ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோலாற் கட்டிய புத்தகத்தை விரிக்க எவர் உத்தரவும் வேண்டியதில்லை.

மின்னூல் யாவும் இத்தகையன அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டச்சேற்றிப் பூட்டின்றி வழங்குகின்றது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் அறுந்தாலும் படிக்கலாம். திருக்குறள் வேண்டுவோர் பணம் கட்டுமுன் அங்கே தேடுக. விலைக்கே வாங்கவேண்டிய நூலாயின், தேர்வுக்கு ஒரு வாரம் முன்னரே இறக்கி, ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுக.