ஜெர்மனியில் முதல் டிசம்பர்

ஜெர்மனியின் முதியோர் இல்லங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் ஓராண்டு தொண்டு செய்யத் தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் போகிறார்கள். அங்கே கட்டாய ராணுவச் சேவை 2011-இல் நிறுத்திவைக்கப்பட்டது. ராணுவத்துக்குப் போக மறுத்து, பதிலாகச் சமூகப் பணி செய்துவந்த இளைஞர்களின் வரவும் அத்துடன் நின்றது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு தொடங்கியதுதான் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை. இதில் சேர்பவர்களை ஜெர்மானியர்கள் சுருக்கமாக ‘புஃப்டி’ என்பார்கள்.

பலர் செப்டம்பர் வாக்கில் பணியில் சேர்கிறார்கள். வேலை பழகி, பேச்சும் கொஞ்சம் பிடிபடும்போது டிசம்பர் வந்துவிடும். குளிரைப் பற்றி ஊரில் எல்லோரும் எச்சரித்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் புதிதாகப் போனவரை உண்மையில் திணறடிப்பது, 24-ஆம் தேதி பிற்பகலில் ஊரே கதவைச் சாத்திக்கொள்வதுதான். அதற்கான ஏற்பாடுகளை நவம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பணிப்பட்டியல். முதியோர் இல்லத்துக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. யார் எந்த நாள் வேலைக்கு வருவது என்பதைப் பல வாரங்கள் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். மழலையர் பள்ளிகள் பல, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே மூடப்படும். அந்த நாள்கள் தொண்டரின் விடுப்பில் கழியுமா என்று பொறுப்பாளரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. பயணத் திட்டம் இருந்தால் வசிப்பு அனுமதி அட்டையில் உள்ள காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும். அட்டை செல்லுபடியாகும் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாள்களில் 90 நாள் வரை போய்வரலாம். குளிர்காலத்தில் அட்டை காலாவதியாகிறது என்றால் பயணச்சீட்டைவிடப் புதுப்பிப்பு விண்ணப்பமே முக்கியம்.

அடுத்து வெளிச்சம். டிசம்பர் நடுவில் பெர்லினில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். மாலை நான்கு அடிப்பதற்குள் மறைந்துவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே திரும்பும் நாள்கள் மனத்தைச் சோர்வடைய வைக்கும். மதிய இடைவேளையில் கால் மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வருவதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடித்த கோட்டை நம்புவதைவிட, மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிவதும் தண்ணீர் புகாத காலணி வாங்குவதும் பலன் தரும்.

அறையைக் கவனிப்பது தனிக்கலை. ஜன்னலை இறுக மூடிக்கொண்டு சோறும் சாம்பாரும் வைத்தால் நீராவி கண்ணாடியில் முத்துமுத்தாகக் கோத்து வழியும். சில வாரங்களில் அலமாரிக்குப் பின்சுவரில் கரும்பூஞ்சை படரும், அதற்கு வாடகைதாரர் பதில் சொல்ல வேண்டிவரும். நாளுக்கு இரண்டு மூன்று முறை ஹீட்டரைக் குறைத்து, எல்லா ஜன்னல்களையும் ஐந்து முதல் பத்து நிமிடம் அகலத் திறந்து மூட வேண்டும். நாள் முழுக்க ஜன்னலை லேசாகச் சாய்த்து வைப்பது பயன்படாது. அதனால் சுவர்தான் குளிர்ந்துபோகும்.

வேலையிடத்தில் இந்த மாதத்துக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில், ஊசியிலைக் கிளைகளால் பின்னிய வளையத்தில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றுவார்கள். டிசம்பர் 5 இரவு குழந்தைகள் காலணியைத் துடைத்து வாசலில் வைப்பார்கள்; மறுநாள் காலை அதில் வால்நட், மாண்டரின் ஆரஞ்சு, சாக்லேட் இருக்கும். மழலையர் பள்ளியில் அவற்றை நிரப்பும் வேலை பெரும்பாலும் தொண்டரின் தலையில்தான் விழும்.

முதியோர் இல்லத்திலோ பாட்டுதான் பெரிய விஷயம். பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன மறதி நோயாளிகள்கூட, சிறுவயதில் கேட்ட கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கியதும் வரி பிசகாமல் கூடவே பாடுவார்கள். 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃபில் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘ஸ்டில்லெ நாஹ்ட்’ பாட்டின் முதல் பத்தியையாவது தொண்டர் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. இலக்கணம் தப்பாமல் பேசுவதைவிட இதுவே அந்த முதியவர்களிடம் நெருங்க உதவும்.

கடை விஷயத்தில் கவனம் வேண்டும். ஜெர்மனியில் ஞாயிறு என்றாலே மளிகைக் கடைகள் மூடியிருக்கும். 24-ஆம் தேதி பெரும்பாலும் பிற்பகல் 2 மணியோடு சரி. 25, 26 இரண்டுமே அரசு விடுமுறை. 2026-இல் 26 சனிக்கிழமை, 27 ஞாயிறு. ஆக மூன்று முழு நாள்கள் கடை இருக்காது. அரிசி, பருப்பு, பால், வெங்காயம் எல்லாவற்றையும் 22-க்குள் வாங்கிவிடலாம். அறையில் சேர்ந்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் பான கேன்களையும் அப்போதே கடை எந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். கைச்செலவுப் பணத்தில் வாழ்பவருக்கு அதுவும் காசுதான். மளிகை வாங்க மறந்துபோனால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. விடுமுறையில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்பது எல்லா மருந்துக்கடை வாசலிலும் ஒட்டப்பட்டிருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு 116117, ஆபத்துக்கு 112 என்ற எண்களைக் கைப்பேசியில் சேமித்து வைக்க வேண்டும்.

கடைசியாகத் தனிமை. 24-ஆம் தேதி மாலை ஜெர்மானியர்கள் குடும்பத்தோடு இருக்கும் நேரம். பரிசுகளைப் பிரிப்பதும் அன்றுதான். கூப்பிட்டால் சங்கடப்படுவாரோ என்று சக ஊழியர் தயங்கக்கூடும். அதனால் ‘அன்றைக்கு நான் தனியாகத்தான் இருப்பேன்’ என்று டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது உத்தமம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல வீடுகளில் அன்றிரவு உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான் சாப்பாடு. சைவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். கையால் சுட்ட முறுக்கு ஒரு டப்பா போதும், விலையுயர்ந்த பரிசு தேவையில்லை. சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும். அழைப்பு வராவிட்டால் முதியோர் இல்லத்தில் மாலைப் பணியைக் கேட்டு வாங்கலாம். உறவினர் யாரும் வராத முதியவர்களுக்கு அன்று பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதே பெரிது. தமிழ்க் குரல் கேட்க ஏங்குபவர்கள், ஈழத் தமிழர்கள் ஹாம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒரு விடுமுறை நாளில் போய்வரலாம்.

குளிர்காலத்தில் இந்திய நேரம் நான்கரை மணி முன்னே இருக்கும். ஊரில் நள்ளிரவுத் திருப்பலி தொடங்கும்போது ஜெர்மனியில் இரவு ஏழரை. வீட்டாருடன் பேசுவதற்கான நேரத்தை அதற்கேற்பக் குறித்துக்கொள்ளலாம். 24-ஆம் தேதி மாலை ஜெர்மனியின் பல ஊர்களில் பேருந்துகள் குறைந்துவிடும்; விருந்துக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே திரும்பிவர வண்டி உண்டா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால், திரும்பும்போது கொண்டுவந்து விடமுடியுமா என்று அழைத்தவரிடமே கேட்கலாம்.