மேளப் படங்களில் பெயரற்று நிற்போர்

பிள்ளைப்பாக்கத்து இளம் நாகசுரக் கலைஞருக்கு,

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள ஊர்களில் ஓட்டு வீடுகள் இடிபட்டு மாடி வீடுகள் எழும்போது, கூடத்துச் சுவரில் தொங்கிய மேளக் குழுப் படங்கள் பரணுக்கோ பழைய சாமான் கடைக்கோ போய்விடுகின்றன. எஞ்சியவற்றைத் திரட்டி, அவற்றில் இருப்போர் யாரெனக் கண்டறிய முனையும் இளைஞர், நாயனம், அதாவது நாகசுரம், பிடித்துப் பழகிய தம் கண்ணையே முதல் கருவியாகக் கொள்ள வேண்டும். முகம் மங்கிய படத்திலும் வாத்தியமும் அதைப் பிடித்த கையும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, படம் இடவலம் மாறாமல் அச்சாகியிருக்கிறதா என்பது. கண்ணாடித் தகட்டில் எடுத்த பழைய படங்களைத் தகட்டின் மறுபுறமாக வைத்து அச்சிட்டுவிட்டால், வரிசையில் நிற்போர் அனைவரும் இடம் மாறிவிடுவர். அப்போது ‘இடமிருந்து வலம்’ என்று வீட்டார் நினைவில் வைத்திருக்கும் பெயர்களும் தவறான தலைகளுக்குப் போய்ச் சேரும். தவில் வாசிப்பவர் வலக்கை விரல்களில் கூடு, அதாவது துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி உலர்த்திய கடினமான விரலுறை, அணிந்து, தவிலின் வலப்பக்கமான வலந்தலையை வாசிப்பார். இடக்கையில் பூவரசங் குச்சி இருக்கும். குச்சி வலக்கையில் தெரிந்தால், ஒன்று அவர் இடக்கைப் பழக்கம் உடையவர், அன்றிப் படம் திரும்பியிருக்கிறது. இந்தச் சிக்கல் மேளத்துக்கு மட்டும் உரியதன்று. ஜாஸ் இசையின் முன்னோடியாகக் கருதப்படும் நியூ ஆர்லியன்ஸ் பட்டி போல்டனின் குழுவுக்கு எஞ்சியிருப்பது சுமார் 1905இல் எடுத்த ஒரே படம். அதை ஒருபுறமாக அச்சிட்டால் கிட்டாரும் டபுள் பாஸும் பிடித்தவர்கள் இடக்கையராகத் தெரிகின்றனர், மறுபுறமாக அச்சிட்டால் கிளாரினெட் பிடித்தவர்களின் கைகள் மாறிவிடுகின்றன. அறிஞர்கள் அதைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றனர்.

அடுத்தது, நாயனம் போன்ற இரண்டு வாத்தியங்கள் தெரிந்தவுடன் இரட்டை நாயனம் என முடிவுகட்டும் அவசரம். திருவீழிமிழலை சகோதரர்களைப் போன்ற இரட்டையர் புகழ்பெற்றவர்கள்தாம். ஆயினும் பழைய மேளத்தில் இரண்டாம் வாத்தியம் பெரும்பாலும் ஒத்தாகவே இருந்தது. நாயனத்தின் வடிவில், ஆனால் விரல் துளைகள் இல்லாமல், ஆதார சுருதியை மட்டும் இடைவிடாது ஊதுவதற்கு அமைந்த வாத்தியம் ஒத்து. படத்தைப் பெரிதாக்கி, உலவு எனப்படும் மரக்குழலின் முன்பக்கத்தில் ஏழு துளைகள் உள்ளனவா என்று பார்த்தால் ஐயம் பெரிதும் தீரும். வித்துவான் பெயர் தப்பிப் பிழைத்த குடும்பங்களில்கூட ஒத்து ஊதியவரும் தாளம் போட்டவரும் மறக்கப்பட்டுவிட்டனர். இது தற்செயல் அன்று, சம்பளத்திலும் வரிசையிலும் அவர்களுக்குத் தரப்பட்ட இடத்தின் விளைவே.

காலத்தைக் கணிக்க ஒரு பெரிய கலைஞரின் வாழ்வு அளவுகோலாக உதவும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்தளித்த பாரி நாயனத்தைப் பரவலாக்கினார். பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது. அதற்கு முன் பெருவழக்கிலிருந்த திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைக் கொண்டுவந்தவரும், குடுமியை நீக்கி கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையேறியவரும் அவரே. ஆகவே திமிரியும் குடுமியும் ஒத்தும் சேர்ந்து காணப்பட்டால் படம் பழையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. வாய்ப்பு மட்டுமே, ஏனெனில் கோயில் மேளங்களில் பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது. தவிலில் தோல்வாருக்குப் பதிலாக போல்ட்டு, நட்டு தெரிந்தால் படம் பிற்காலத்தது.

மார்பில் குத்திய பதக்கங்களின் எழுத்து, அட்டையில் பதிந்த ஸ்டுடியோ முத்திரை ஆகியவற்றை உருப்பெருக்கியால் படித்துக் குறித்துக்கொள்வது நன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்னுருவாக்கிய தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களோடு பின்திரையையும் நாற்காலியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயரைத் தேடுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். முதியவரிடம் படத்தைக் காட்டி, ‘இவர் இன்னார்தானே, தாத்தா?’ என்று கேட்டால் அவர் மறுக்க மாட்டார். பெரியவர்கள் பிள்ளைகளின் மனம் நோகப் பேசுவதில்லை. ‘இவர் யார்?’ என்று மட்டும் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல், இருவர் தனித்தனியே சொன்னது ஒத்துப்போனால் மட்டும் பெயரை ஏற்க வேண்டும். ஊகத்தில் எழுதிய பெயர் ஒருமுறை அச்சேறிவிட்டால், அடுத்து வருவோர் அதையே சான்றாகக் காட்டுவர். வெற்றிடம் அத்தகைய கேடு செய்வதில்லை. பெயர் கிட்டாத இடத்தில் ‘ஒத்து, பெயர் தெரியவில்லை’ என்று எழுதி, சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் சேர்த்துவிட வேண்டும்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றும் முன் முன்பக்கத்தையும், கழற்றியபின் அட்டையின் பின்பக்கத்தையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்க. பென்சிலால் எழுதிய பெயர்கள் பல அங்கேதான் உள்ளன. எண்பது வயதைக் கடந்த மேளக்காரர்களின் வீடுகளுக்கு, அடுத்த திருப்பெரும்புதூர்ச் சித்திரைத் திருவாதிரை உற்சவத்துக்கு முன்பே போய்விடுக.