ஈரலும் எச்.ஐ.வி. மாத்திரையும்

பிரட்டுக்களத்தில் நாம் எச்.ஐ.வி. பற்றிப் பேசி முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, அந்த மாத்திரை ஈரலைத் தின்னுடுமாமே, உண்மையா?" இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நாம் உண்பது, குடிப்பது, விழுங்கும் மருந்து எல்லாவற்றையும் பிரித்தெடுப்பது கல்லீரல்தான். தொழிற்சாலையில் தூளைச் சலிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையால் அதற்குக் கெடுதல் வராதா? வரலாம், மறைக்கத் தேவையில்லை. முன்பு அதிகம் கொடுத்த நெவிரபின் மருந்தினால் சிலருக்கு முதல் சில வாரங்களிலேயே உடம்பில் தடிப்பும் மஞ்சள்காமாலையும் வந்தன. இப்போது பரவலாகக் கொடுக்கும் டொலுடெக்ராவிர் மாத்திரையில் அந்த ஆபத்து குறைவு. கிளினிக்கில் இரத்தம் எடுப்பது ஈரலைப் பார்க்கவும்தான். அந்தத் தவணைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பது நமக்கும் தெரியும். இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

மருந்தைவிட ஈரலைக் கெடுப்பது கிருமிதான். எச்.ஐ.வி. பரவும் அதே வழிகளில், அதாவது இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று, ஹெபடைடிஸ் பி கிருமியும் பரவும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் சுருங்கிப்போகும், புற்றுநோயும் வரலாம். நல்ல காலம், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர், லமிவுடின் என்ற இரு மருந்தும் பி கிருமியையும் அடக்கிவைக்கும். இதைத்தான் அந்த அக்காவுக்கும் சொன்னோம். "இப்ப சுகந்தானே" என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கிக் கிடந்த பி கிருமி எழும்பி ஈரலைத் தாக்கும். உயிரே போகலாம்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 2003 இல்தான். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அது கிடைத்திருக்காது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கசிப்பைப் பற்றிச் சம்பள நாளில் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. ஆனாலும் சொல்கிறோம், ஈரல் நொந்தவருக்கு அது நஞ்சு. மேல்வலிக்கு பெனடோலை அள்ளிப் போடுவதும் அப்படியே. காசநோய் மருந்தோ நாட்டு மருந்தோ எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

கண் மஞ்சளானால், மூத்திரம் கடும் சாயத்தேநீர் நிறமானால், வயிற்றின் வலப்பக்கம் மேலே வலித்தால், அன்றைக்கே மாத்திரைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறுத்துவதா மாற்றுவதா என்று டொக்டர் சொல்லட்டும். கண்டி, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அரசாங்க பாலியல் நோய் கிளினிக்குகளில் எல்லாம் இலவசம். பெயரும் வெளியே போகாது.