ஓட்டிசப் பிள்ளை உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

தம்பிலுவிலில் வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் சடங்கு. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் தீர்த்தம். ஊர் கூடும் அந்த நாட்களில்தான் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் வீட்டோடு முடங்குகிறாள். பிள்ளை காதைப் பொத்திக் கத்தினால் “வளர்ப்புச் சரியில்லை” என்பார்கள். வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மூளை வளரும் விதமே வேறு. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு இலங்கையில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 93 குழந்தைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. பிள்ளையைத் திருத்தப் புறப்படுமுன் வீட்டைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

1. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒரு வயது தாண்டியும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, பேசிய சொல்லும் மறைந்துவிட்டது என்றால் கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். “ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்” என்ற ஆறுதலில் ஒரு வருடம் போய்விடும். பெண்பிள்ளை அமைதியாக இருந்தால் யாரும் கவனிப்பதே இல்லை.

2. பல் தீட்டுவது, கிணற்றடி, சீருடை, பள்ளிக்கூடம் என்று அன்றைய வேலைகளைப் போனில் படம் எடுத்து, பிரின்ட் போட்டு வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். நாளைக்கு அக்கரைப்பற்றுக்குப் போவதென்றால் அந்தப் படத்தை இன்றே ஒட்டிக் காட்டுங்கள். திடீர் மாற்றம்தான் பிள்ளையைக் குழப்பும்.

3. “கை கழுவு.” அவ்வளவு போதும். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பேசாத பிள்ளைக்கும் விளங்கும். அதன் முன்னால் அதைப் பற்றிக் குறை பேசாதீர்கள்.

4. புட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் புட்டே கொடுங்கள். புதுக் கறியைத் தனிக் கோப்பையில் பக்கத்தில் வையுங்கள்; தொடாவிட்டாலும் பரவாயில்லை. எடை குறைந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. சட்டைக் கழுத்து லேபலை வெட்டி விடுங்கள். புதுச் சீருடையை நாலைந்து தரம் தோய்த்த பிறகு போடுங்கள்.

6. சடங்குக்குக் கூட்டமில்லாத நேரம், பறையும் ஒலிபெருக்கியும் தொடங்குமுன் போய் வாருங்கள். பெருநாள் சந்தைக்கும் இதுதான் வழி. மேசன்மார் போடும் காதுக் கவசத்தை ஹாட்வெயாரில் வாங்கலாம். முதல் நாள் கால்மணி நேரம் போதும். முகம் மாறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். கத்தி அழுதால் அடிக்கவும் வேண்டாம், “ஏன், என்ன” என்று கேட்கவும் வேண்டாம். சுற்றி நிற்பவர்களை விலக்கி, வெளிச்சத்தைக் குறைத்துப் பக்கத்தில் சும்மா இருங்கள். அது அடம் அல்ல.

7. நமக்கு ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஓட்டிசப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு, ஆபத்தும் தெரியாது. கேற்றுக்கு உயரத்தில் கொக்கி, கிணற்றுக்கு மூடி. பிள்ளையைக் காணவில்லையென்றால் அயல்வீடுகளில் விசாரிப்பது பிறகு, முதலில் கிணற்றையும் கடற்கரையையும் பாருங்கள். கடற்கரைக் கடைக்காரருக்கும் மீனவருக்கும் பிள்ளையை முன்கூட்டியே காட்டி வையுங்கள்.

8. கையை உதறினால், மூடியைச் சுழற்றினால் விட்டுவிடுங்கள். தன்னைக் காயப்படுத்தினால் மட்டும் தடுங்கள்.

9. தடுப்பூசியால் ஓட்டிசம் வராது. அப்படிச் சந்தேகம் கிளப்பி வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியர் 1998இல் வெளியிட்ட கட்டுரையை, அதைப் பிரசுரித்த லான்செட் மருத்துவ இதழே 2010இல் மீளப் பெற்றது. ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிடாதீர்கள். நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் உங்கள் நம்பிக்கை. அடித்துப் பேயோட்டுவது கொடுமை. “முற்றாக மாற்றித் தருகிறேன்” என்று காசு கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

10. என்ன சாப்பிடும், எந்தச் சத்தத்துக்குப் பயம், எதைக் கொடுத்தால் அடங்கும் என்று ஒரு தாளில் எழுதி குசினிக் கதவில் ஒட்டுங்கள். மாமியோ சின்னம்மாவோ அதைப் பார்த்து இரண்டு மணி நேரம் பிள்ளையை வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் தாய் துணி தோய்க்கக் கூடாது, நித்திரை கொள்ள வேண்டும்.