உங்கள் மூச்சுக்கேற்ற சீவாளி

நெகிரி செம்பிலான் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் சில சீவாளிகள் தொங்கும். அவை அலங்காரத்துக்கு அல்ல. ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்றை மாற்றிக்கொள்ளத்தான்.

டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. நாதஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. கொறுக்கைத் தட்டையில் செய்த அதன் இரு இதழ்களுக்கிடையே மூச்சு பாயும்போது, இடைவெளி நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறக்கிறது. அந்தத் துடிப்பால் குழலுக்குள் இருக்கும் காற்றும் அதிர்ந்து ஒலிக்கிறது.

தடித்த இதழ் விறைப்பானது. அதை அதிரவைக்க மூச்சழுத்தம் அதிகம் வேண்டும். மெல்லிய இதழ் எளிதில் ஒலிக்கும். ஆனால் பலமாக ஊதினால் ஒட்டிக்கொண்டு ஒலி அடைத்துவிடும்.

ஆசிரியரின் கனத்த சீவாளியைப் புதிதாகக் கற்கும் பிள்ளையிடம் கொடுத்தால், கன்னம் வலித்து, “எனக்கு மூச்சு போதாது” என்று விட்டுவிடக்கூடும். குறை மூச்சில் இல்லை, பொருத்தத்தில்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் சீவாளியை நனையுங்கள். காய்ந்த இதழ் சரியாக அதிராது. பிறகு குழலில் பொருத்தி, ஒரே சுரத்தை மெதுவாகவும் பலமாகவும் நீட்டுங்கள். இரண்டிலும் திணறாமல் சுருதி நின்றால், அதுவே உங்கள் சீவாளி.