இனி இவருக்குப் பதில் இவர்

திருமழிசை
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டேன். சீரியலில் இரண்டாவது கதாநாயகி. லுக் டெஸ்ட் முடிந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட் வேலையை விடச் சொல்கிறார்கள். அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறாய். ஒரு வார்த்தையில் அடங்குகிற விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் நீ பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நடி. உனக்கு முகம் இருக்கிறது, அதைவிட முக்கியமாக ழகரமும் லகரமும் குழம்பாத நாக்கு இருக்கிறது. அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் காலம் தள்ளிய மனுஷனுக்குப் பென்ஷன் இல்லாத வேலை வேலையாகவே தெரியாது. அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

சீரியல் பார்க்கும்போது திடீரென்று புது முகம் ஒன்று சமையலறையிலிருந்து காபியோடு வரும். படம் அப்படியே நிற்கும். கீழே "இனி இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து ஓடும். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். மறுநாளே புது ஆளுக்குப் பழகிவிடுவோம். அம்மா, மாமியார் வேஷமாகவே கட்டிக் காலம் தள்ளிய எனக்கு இந்தத் தொழிலில் அதைவிட உண்மையான எழுத்து எதுவும் கண்ணில் பட்டதில்லை. பாத்திரம் சேனலுடையது. கதை கம்பெனியுடையது. அந்த அரை மணி நேரம் விளம்பரக்காரனுடையது. அப்படியானால் உன்னுடையது எது? அதைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன்.

நீ போகப்போவதாகச் சொல்லும் செட் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து பெங்களூர் ஹைவே ஏறினால் கொஞ்ச தூரம்தான். அந்த வழியில் நசரத்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு சித்ரா ஞாபகம் வரும். வி.ஜே. சித்ரா. மக்கள் தொலைக்காட்சியில் தொகுப்பாளினியாக வந்த கோட்டூர்புரத்துப் பெண். மைக்கைப் பிடித்து நிகழ்ச்சி நடத்தி, சின்னச் சின்ன வேஷம் போட்டு, பல வருஷம் கழித்து 2018இல் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையானார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோனது. கடை திறப்பு விழாவுக்குப் போனாலும் "முல்லை, முல்லை" என்றுதான் கூப்பிட்டார்கள். 2020 டிசம்பர் 9ஆம் தேதி விடியற்காலை, ஷூட்டிங் முடிந்து திரும்பிய நசரத்பேட்டை ஹோட்டலில், 28 வயதில் இறந்துபோனார். காவல்துறை தற்கொலை என்றது. கணவர் மேல் போட்ட வழக்கு திருவள்ளூரில் நடந்தது, 2024இல் அவர் விடுதலையானார். அதற்கு மேல் காரணம் தேடி நான் எழுத மாட்டேன், நீயும் செட்டில் யாராவது அந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்து போய்விடு. செத்தவளைப் பற்றி மேக்கப் ரூமில் ஆளுக்கொரு திரைக்கதை எழுதுவது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம்.

நான் சொல்ல வந்தது வேறு. சீரியல் நிற்கவில்லை. முல்லையாக காவ்யா அறிவுமணி வந்தார். 2022இல் அவர் விலக, லாவண்யா வந்தார். 2023இல் கதையையே முடித்தார்கள். ஒரே முல்லைக்கு மூன்று முகம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தினமும் ஓடுகிற கதையை நிறுத்தினால் லைட்மேனிலிருந்து சாப்பாடு பரிமாறுகிறவர் வரை அத்தனை பேரின் பேட்டாவும் நின்றுவிடும். சித்ரா கதாநாயகியாக நடித்த 'கால்ஸ்' படம் தியேட்டருக்கு வந்தது 2021இல். அதைப் பார்க்க அவர் இல்லை. முல்லைக்குப் பதில் ஆள் கிடைத்தது. அவருடைய அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அதனால், பாப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கப் ஆனாலும் கூசாமல் கூப்பிட ஒரு நம்பர் வைத்துக்கொள். அது என் நம்பராகவே இருக்கட்டும். எனக்கு எப்படியும் தூக்கம் வராது. என்னிடமும் சொல்ல முடியாததாக இருந்தால் மனநல உதவிக்கு 104 இருக்கிறது, 14416 இருக்கிறது, எந்நேரமும் எடுப்பார்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. கேமரா முன்னால் பகல் முழுக்க அழுதுவிட்டு வருகிற உடம்புக்கு அது பொய் அழுகை என்று தெரியாது.

இப்போது வேலையைப் பற்றி. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டுப் பழகிய உனக்கு செட் முதல் வாரம் சலிப்பாக இருக்கும். காலையில் வண்டி வரும். ஒன்பது மணிக்கு ஷாட் என்பார்கள். உன் முதல் ஷாட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கலாம். மூன்று கேமரா, நாலு பக்க வசனம், மனப்பாடம் செய்ய நேரம் தரமாட்டார்கள். அசிஸ்டென்ட் டைரக்டர் கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்று பிராம்ட் கொடுப்பார், அதைக் காதில் வாங்கி அடுத்த நொடி உணர்ச்சியோடு சொல்ல வேண்டும். வாங்குவது முகத்தில் தெரியக் கூடாது. இது தனி வித்தை. சினிமாவிலிருந்து வந்த பெரிய ஆர்ட்டிஸ்டுகளே இதில் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு லுக் எடுப்பார்கள். மாமியார் பேசியதைக் கேட்டு நீ அதிர வேண்டும். மாமியார் அங்கே இருக்க மாட்டார், அவர் ஷாட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டைக் காட்டி "அதுதான்மா உங்க மாமியார்" என்பார்கள். அதைப் பார்த்து அதிர்ச்சி, கோபம், கண்ணில் தண்ணீர், மெல்லத் திரும்புவது. இடி முழக்கத்தோடு மூன்று முறை போடுவார்களே, அது. அதே லுக்கை நாலு மாதம் கழித்து வேறு எபிசோடிலும் வெட்டி ஒட்டுவார்கள். இந்த இடத்தில்தான் நல்ல நடிகை யார், வெறும் முகம் யார் என்று எனக்குத் தெரியும். ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் பொய் சொல்லாதவள் எங்கே போனாலும் பிழைப்பாள். முழிப்பதை மட்டும் கற்றுக்கொண்டவளை சினிமாக்காரன் "சீரியல் முகம்" என்று ஓரம் கட்டுவான். அந்தப் பெயரை வாங்காமல் இருப்பது உன் கையில் இருக்கிறது.

சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பிரியா பவானிசங்கர் புதிய தலைமுறையில் செய்தி வாசித்தவர். 'கல்யாணம் முதல் காதல் வரை' சீரியல் செய்துவிட்டு 2017இல் 'மேயாத மான்' மூலம் சினிமாவுக்குள் வந்தார். வாணி போஜன் விமானப் பணிப்பெண்ணாக இருந்து, 'தெய்வமகள்' சத்யாவாகி, 2020இல் 'ஓ மை கடவுளே'. எதிர்த் திசையில் வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். 'காதல் கோட்டை' தேவயானி 2003இல் 'கோலங்கள்' அபியாகி 1,500 எபிசோடுக்கு மேல் வீடு வீடாகப் போனார். ராதிகா 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' ஏறியவர். தொலைக்காட்சிக்கு வந்தபோது சம்பளத்துக்கு மட்டும் வரவில்லை. ராடான் என்று சொந்தக் கம்பெனியே வைத்து 'சித்தி' எடுத்தார். அவருக்குப் பதில் இன்னொருவர் என்று அந்த வீட்டில் எழுத்துப் போட முடியுமா? கம்பெனி அவருடையது.

நீ நாளைக்கே கம்பெனி ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் காசு விஷயத்தில் அந்தப் புத்தி வேண்டும். சம்பளம் நாள் கணக்கு. மாதம் பதினைந்து நாள் என்று வாய் நிறையச் சொல்வார்கள். கதை உன் பக்கம் திரும்பாத மாதத்தில் நாலு நாள் கூப்பிடுவார்கள். அந்த நாலு நாளுக்கான பணமும் இரண்டு மாதம் கழித்துத்தான் கணக்கில் விழும், அதிலும் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு. வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வேண்டியது திரும்பும். அதை மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. புடவை, நகை பல கம்பெனியில் உன் செலவு. கட்டியதையே கட்டினால் திட்டுவார்கள், கன்டினியூட்டிக்குக் கட்டிய புடவையைத் துவைத்தாலும் திட்டுவார்கள். எபிசோடை நம்பி வீட்டுக் கடன், கார் கடன் எதுவும் வாங்காதே. வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும். நம்பர் இறங்கினால் உன் பாத்திரத்துக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிடும், இல்லையென்றால் கோமா.

டி.ஆர். ராஜகுமாரி என்று ஒருவர் இருந்தார், உன் பாட்டி காலத்துக் கனவுக்கன்னி. 1944இல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம், அதில் நடித்தவர். வந்த பணத்தில் தி.நகரில் தன் பெயரிலேயே சினிமா தியேட்டர் கட்டினார், தம்பியோடு சேர்ந்து படக் கம்பெனி நடத்தினார், போதும் என்று தோன்றியபோது தானாகவே ஒதுங்கினார். சாவித்திரியை உனக்குத் தெரியும். அவருக்கு ஈடான நடிகை இல்லை. 1971இல் சொந்தமாக 'பிராப்தம்' எடுத்து நொடித்து, மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். திறமையை வைத்துப் பார்த்தால் ராஜகுமாரியை சாவித்திரி பக்கத்தில் நிறுத்த மாட்டேன். ஆனால் உனக்கு யாரிடம் பாடம் கேட்கச் சொல்வேன் என்றால், யோசிக்காமல் ராஜகுமாரியிடம்தான்.

அண்ணன் பயப்படுகிற விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தில் சினிமாப் பெண்களின் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானதும் இங்கேயும் ஆட்டம் கண்டது. அடுத்த மாதமே நடிகர் சங்கம், பாலியல் குற்றம் நிரூபணமானால் ஐந்து வருஷம் தடை என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதம், சட்டம் அப்படியில்லை. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தாலே உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவில் தனிக் குழு உண்டு. சேர்ந்த முதல் நாளே "இங்க கமிட்டில யார் யார் இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேட்டு வை. கேட்டவளிடம் வாலாட்ட யோசிப்பார்கள். கதை சொல்கிறேன் என்று தனியாக ஹோட்டலுக்குக் கூப்பிட்டால், "அத்தையும் கதை கேக்கணும்னாங்க" என்று சொல். நான் வருகிறேன்.

செட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் பார். அதே ஈ.வி.பி.யில் 2020 பிப்ரவரி 19 ராத்திரி 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். இன்சூரன்ஸ் உண்டா என்று அக்ரிமென்டில் தேடு.

நம்மூர் திருமழிசை ஆழ்வார் கதை உனக்குத் தெரிந்ததுதான். அரசனைப் பாட மாட்டேன் என்றார் சீடர் கணிகண்ணன். ஊரை விட்டுப் போ என்றான் அரசன். சீடன் கிளம்பியதும் ஆழ்வாரும் கிளம்பினார், அவர் சொல்லைக் கேட்டுக் காஞ்சிப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே போனார் என்பார்கள். கோயிலில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு செட் ஞாபகம்தான் வரும் (பெருமாள் மன்னிக்கட்டும்). முடியாது என்று சொல்லிவிட்டு நீ வெளியே வரும் நாளில் உன்னோடு கிளம்ப நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் இன்ஸ்டாகிராமில் இருக்க மாட்டார்கள். கல்லூரித் தோழிகளுக்குப் போன் செய்வதை நிறுத்தாதே. அக்கா குழந்தை காதுகுத்துக்குக் கால்ஷீட் இருக்கிறது என்று சொல்லாதே. சீரியல் முடிந்த மறுநாள் உன்னைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போவது அவர்கள்தான்.

வேலையை இன்றைக்கே ராஜினாமா செய்யாதே. சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்று ஹெச்.ஆரிடம் கேள். முதல் ஷெட்யூல் முடியட்டும், முதல் பேமென்ட் கணக்கில் ஏறட்டும், அப்புறம் எழுதிக் கொடுக்கலாம்.

அக்ரிமென்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதே, குறிப்பாக வேறு சேனலில், சினிமாவில் நடிக்கக் கூடாது என்கிற பாராவையும், அது எத்தனை வருஷத்துக்கு என்கிற வரியையும். ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்துக்கொண்டு பூந்தமல்லி வந்து போன் பண்ணு, மாமாவை வண்டியோடு அனுப்புகிறேன். கண்ணாடி மாற்றியிருக்கிறேன், பொடி எழுத்தும் படிக்க வருகிறது. மதியம் வத்தக்குழம்பு. அண்ணனையும் இழுத்து வா.

அன்புடன்,
உன் அத்தை