கடைக்கு வரும் பூனைக் குட்டி

ஜவுளிக் கட்டுகளை எலி கடிக்கிறதென்று நம் வியாபாரிகள் பூனைக் குட்டி கொண்டுவருவது பழைய வழக்கம். கண் திறந்த சில நாட்களிலேயே கொண்டுவந்து கிட்டங்கியில் கட்டிப்போடுவோரும் உண்டு. பிறகு அது பிறாண்டுகிறதென்று அடிக்கின்றனர்.

பிறந்த 2ஆவது வாரத்திலிருந்து 7ஆவது வாரம் வரை, குட்டி மனிதரிடம் அச்சமின்றிப் பழகக் கற்பதற்கு மிக உகந்த காலமாகும். அந்நாட்களில் தாயின் அருகிலேயே வைத்து, இரண்டு மூன்று பேர் தினமும் சிறிது நேரம் மெல்லக் கையிலெடுத்துத் தடவவேண்டும். அப்பருவத்தில் கை படாத குட்டி, பின்னாளில் வாடிக்கைக்காரரைக் கண்டதும் ஓடி ஒளியும். 8 வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்கலாகாது. விளையாட்டில் எவ்வளவு கடிக்கலாமென்பதைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே கற்பிக்கின்றன.

கடித்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள், அதுவே போதும். அடித்தால் அடித்த கையை அஞ்சுமேயன்றி, குற்றம் இன்னதென்று அதற்கு விளங்காது. துணியில் சிறுநீர் கழித்தால் முதலில் மணல் தட்டைப் பாருங்கள். தினமும் அள்ளாத தட்டில் பூனை இறங்க விரும்பாது.

பசித்தால்தான் எலி பிடிக்குமென்று பட்டினி போடும் முதலாளிகளும் இருக்கிறார்கள். தப்புக் கணக்கு! வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். குட்டிகளுக்கென விற்கும் உணவை நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். எலிப் பாஷாணம் வைக்கும் கிட்டங்கியில் பூனையே வேண்டாம்; நஞ்சுண்ட எலியைத் தின்று அதுவும் மடியக்கூடும்.

கடையைப் பூட்டுமுன் தரையில் கிடக்கும் நூலையும் நாடாவையும் பொறுக்கிவிடுங்கள். குட்டி விழுங்கினால் குடலில் சிக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காமல், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.